ஆச்சி கட்டிய மூட்டையும் அரோகராவும்

மூட்டை கட்டுவதை வேடிக்கை பார்க்க டிக்கெட் வைத்தால் முதல் ஆளாக வரிசையில் நின்று வாங்குவேன். அதுவும் காரைக்குடியில், தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில், ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவில் நடக்கிற மூட்டை கட்டு என்றால் என்ன விலை சொன்னாலும் வாங்குவேன்! சிரிக்காதீர்கள். கச்சேரி பார்த்திருக்கிறேன், கும்பாபிஷேகம் பார்த்திருக்கிறேன், சென்னையில் உலகக் கோப்பை ஆட்டம்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பெரிய குடும்பம் பொடிசு முதல் தாத்தா வரை எல்லோரையும் கூட்டிக்கொண்டு நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் நடக்கப் போகிறது, அதற்கு ஒரு ஆச்சி உட்கார்ந்து சாமான் கட்டுகிறார் என்றால் அந்த அழகுக்கு முன்னால் எனக்கு வேறு எதுவும் நிற்காது.

நமக்கெல்லாம் குழந்தைகளோடு ஊர் கிளம்புவது என்றாலே முதல் நாள் இரவு வீடு ரணகளம்தானே? பெட்டி மூடாது, சாவி கிடைக்காது, சின்னது தூங்காமல் அழும், யாரோ யாரிடமோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பயத்தை எல்லாம் ஒரே தடவையில் என்னிடமிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டது நகரத்தாரின் பழனிப் பாதயாத்திரை. நான் நகரத்தார் இல்லை, என் நண்பன் நகரத்தார். அவன் அம்மாவை ஊரே ஆச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். "தம்பி, இந்தத் தைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்துருங்க, எங்களோட நடக்கட்டும்" என்று அவர் போனில் சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு ஆபீசில் கால் தரையில் படவில்லை. பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி, செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கொண்டுபோன முறுக்கெல்லாம் தீர்ந்து, ராத்திரி காரைக்குடி பிளாட்பாரத்தில் குளிர்காற்று முகத்தில் அடித்தபோது என் மகளைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

இப்போது கண்ணை மூடி அந்த வளவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடுவில் வானம் திறந்த முற்றம், சுற்றிலும் கருகருவென்று மின்னும் பர்மாத் தேக்குத் தூண்கள், உள்ளங்காலில் ஜில்லென்று ஒட்டும் ஆத்தங்குடிக் கல். தரையில் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் குவியல் குவியலாகச் சாமான். துண்டுகள் ஒரு பக்கம், குரங்குக் குல்லாய்கள் ஒரு பக்கம், டார்ச் லைட்டுகள், தூக்குவாளிகள், சம்புடங்கள், சுருட்டிய கோரைப்பாய்கள், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், உப்புப் பொட்டலம், சுக்குப்பொடி. தூணில் சாய்ந்து ஆச்சி, மடியில் ஒரு நோட்டுப் புத்தகம், காதில் பென்சில். பேரப்பிள்ளைகள் குவியலுக்கு ஒருவராக நிற்கிறார்கள். ஆச்சி, "ஈரிழைத் துண்டு?" என்பார், ஒரு பையன் எண்ணி, "ஆளுக்கு ரெண்டு, வச்சாச்சு அப்பத்தா!" என்பான், பென்சில் ஒரு கோடு போடும். "சேப்டி பின்?" "வச்சாச்சு!" "பிள்ளைகளுக்குக் காலுறை?" "வச்சாச்சு!" என் மகள் கொஞ்ச நேரம் என் பின்னால் ஒளிந்து பார்த்தாள், பிறகு மெல்ல நகர்ந்துபோய்ச் சம்புடக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள், ஆச்சி "சின்னச் சம்புடம்?" என்றதும் "வச்சாச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறா பறந்தது. அந்த நிமிஷமே அவள் யாத்திரை தொடங்கிவிட்டது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பட்டியல், ஓரத்தில் திரும்பி வந்த பிறகு எழுதிய குறிப்புகள். ஒரு வருஷத்து ஓரத்தில் "குடை யாரும் எடுக்கவில்லை." இன்னொன்றில் "சீப்புச்சீடை சிங்கம்புணரியிலேயே தீர்ந்தது, இரட்டிப்பாகச் செய்யவும்." இன்னொன்றில் "பாட்டிமாருக்கு முக்காலி அவசியம்." படிக்கப் படிக்க எனக்குக் கண் கலங்கியது, சத்தியமாக! போன பயணம் அடுத்த பயணத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அல்லவா அது? கல்யாணச் சாமானுக்குத் தட்டு முதல் கரண்டி வரை பட்டியல் எழுதி வைக்கிற சமூகம் இது, கணக்கு அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. இந்த வீட்டு ஐயாக்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் 'கொண்டுவிக்க'ப் போன காலத்தில் மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பல் ஏறினார்கள். மறந்துவிட்டோமே என்று பாதிக் கடலில் திரும்பி வர முடியுமா? வற்றல், வடகம், பொடி, ஊறுகாய், சாமி படம், பேரேடு என்று அளந்து அளந்து கட்டிய கைகளின் வழியில் வந்த கைதான் ஆச்சியின் கை. போகும்போது வற்றலைக் கட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பும்போது கவுனி அரிசியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் இன்றைக்கும் அது இனிக்கிறது.

ஆச்சியின் கட்டுமுறை ஒன்றே ஒன்றில் நிற்கிறது: எப்போது திறப்போம் என்பதைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். ஆளுக்கு மூன்று பை. தோள் பை நடக்கும்போது கூடவே வரும், அதில் தண்ணீர், துண்டு, குல்லாய், கொறிக்க ஒரு சம்புடம், அவ்வளவுதான். ராப் பை வேனில் போகும், தங்குகிற இடத்தில் இறங்கியதும் திறப்பது, மாற்றுத் துணி, போர்வை, காலுக்கு எண்ணெய். மூன்றாவது, பழனி போய்ச் சேரும் வரை யாரும் தொடக் கூடாத பை, மலை ஏறும் அன்று உடுத்துகிற உடுப்பு அதற்குள் மடிப்புக் கலையாமல் தூங்கும். வேனில் ஏற்றும்போது அந்த மூன்றாவது பை அடியில், ராப் பை அதற்கு மேல், எல்லாவற்றுக்கும் மேலே ஜமுக்காளமும் பாயும். ஏன் தெரியுமா? தங்குகிற இடத்தில் முதலில் பாய் வேண்டும், களைத்த குழந்தை முதலில் படுக்க வேண்டும்! இதைக் கேட்டதும் நான் கை தட்டிவிட்டேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த நண்பனின் அயித்தான் சக்கரம் வைத்த பெரிய பெட்டியோடு நின்றார். ஆச்சி ஒரு பார்வை பார்த்து, "பழனிக்குப் போறோமா, பர்மாவுக்குக் குடி போறோமா?" என்று கேட்க, வளவே சிரித்தது, அயித்தானும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தானே தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். பெரிய பெட்டி இரண்டு துணிப்பையாகச் சுருங்கியது.

பையெல்லாம் ஒரே மாதிரி இருக்குமே, நூற்றுக்கணக்கான பைகளுக்கு நடுவில் நம்முடையது எது என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி இருக்கிறது! பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு பையின் காதிலும் முடிச்சு. காரைக்குடிக் கண்டாங்கி, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை, அந்த அரக்கும் மஞ்சளும் எங்கே கிடந்தாலும் கண்ணைப் பறிக்கும். இருட்டில் டார்ச் அடித்தால்கூட, "அந்தா, நம்ம பை!" என்று பிள்ளைகளே ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக் காலருக்கு உள்ளே ஒரு துணித்துண்டு, அதில் அழியாத மையில் இரண்டு போன் நம்பர். கழுத்தில் ஒரு விசில். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

அப்புறம் தின்பண்டம்! ஐயோ, இதை எங்கிருந்து தொடங்குவேன்? தேன்குழல், சீப்புச்சீடை, கைமுறுக்கு, பாசிப்பயற்று மாவுருண்டை, எல்லாம் வீட்டு அடுப்பில் வெந்து ஆறி, கொட்டானில் அடுக்கப்பட்டிருக்கும். கொட்டான் தெரியுமா உங்களுக்கு? பனை ஓலைக்குச் சாயம் ஏற்றி ஆச்சிமார் கையால் முடைகிற சின்னக் கூடை, புவிசார் குறியீடு அதற்கும் உண்டு. ஒரு காலத்தில் வீட்டு விசேஷம் எதற்கும் கொட்டான் முடைந்தவர்கள் பிறகு மெல்ல அதை மறக்கத் தொடங்க, விசாலாட்சி ராமசாமியின் முயற்சியில் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டெடுத்தது. காற்று புகுந்து வெளியேறும், நசுங்காது, எடையே இல்லை, குழந்தை கையில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். ஆச்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொட்டான் கொடுத்தார், ஆனால் அதற்குள் இருப்பது அவர்களுக்கு இல்லை! "இது வழியில பாக்குற பிள்ளைகளுக்கு. உனக்கு வேணும்னா அவன் கொட்டான்லேருந்து கேட்டு வாங்கிக்கணும்" என்றார். என்ன வித்தை பாருங்கள்! சண்டை என்ற பேச்சே இல்லை. வழி முழுக்க இவன் அவனுக்குக் கொடுக்க, அவன் இவளுக்குக் கொடுக்க, முன்பின் தெரியாத ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மாவுருண்டை பறந்தது, என் மகனுக்கு நத்தம் போவதற்குள் ஏழெட்டு ஊரில் சிநேகிதர்கள்.

குன்றக்குடியில் காவடி கிளம்புகிற காட்சியை எப்படிச் சொல்ல! மயில் வடிவ மலை என்று சொல்வார்கள், மேலே சண்முகநாதர், கீழே நூற்றுக்கணக்கான காவடிகள், மயில்பீலி காற்றில் சிலிர்க்கிறது, திருநீற்று வாசனையும் ஜவ்வாது வாசனையும் பூ வாசனையும் கலந்து மூக்கில் ஏறுகிறது, வேல் மாட்டு வண்டியில் புறப்படுகிறது, மாட்டின் கழுத்து மணி சத்தம், யாரோ ஒருவர் அடிவயிற்றிலிருந்து "வேல் வேல்" என்கிறார், ஊரே "வெற்றிவேல்" என்கிறது, அப்புறம் ஒரு "அரோகரா", என் உடம்பு முழுக்கப் புல்லரித்துப்போய் நானும் கத்துகிறேன், தொண்டை கட்டுகிற வரை கத்துகிறேன், தோளில் உட்கார்ந்திருந்த மகள் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு என்னைவிடச் சத்தமாகக் கத்துகிறாள். கண்டனூரைச் சேர்ந்த ஓர் உப்பு வணிகர் நானூறு வருஷத்துக்கு முன்னால் தொடங்கி வைத்த நடை என்று ஊரில் சொல்கிறார்கள். அன்றிலிருந்து பாட்டன், அப்பன், பிள்ளை என்று அதே பாதையில் நடக்கிறார்கள். காவடிக்காரர்கள் பழனி போய்ச் சேர்ந்ததோடு முடிப்பதில்லை, திரும்பியும் நடந்தேதான் வருகிறார்கள், யோசித்துப் பாருங்கள்!

நடை தொடங்கியதும் இன்னொரு அதிசயம் புரிந்தது. மூட்டை கட்டியதைப் போலவே ஆட்களையும் ஆச்சி கட்டியிருந்தார். வேகமாக நடக்கிற இளவட்டங்கள் முன்னால் போய் இடம் பிடித்துப் பாய் விரித்து வைப்பார்கள். மெதுவாக நடக்கிற ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு சிறுபிள்ளை ஜோடி. என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு, அவருக்கு ஜோடி ஆச்சியின் பேத்தி. இரண்டு பேருக்கும் ஒரே வேகம்! பிள்ளை ஓணான் பார்க்க நின்றால் மாமியாருக்கு மூச்சு வாங்க நேரம், மாமியார் திட்டில் உட்கார்ந்தால் பிள்ளைக்குக் கதை. புளியமர நிழலில் மாமியார் அந்தப் பிள்ளைக்குத் தன் சின்ன வயதுக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்ததைப் பின்னால் நடந்து ஒட்டுக்கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்காத கதைகள்! நடக்க முடியாதவர்கள் வேனில் ஏறிக்கொள்ளலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். என் மகள் பாதித் தூரம் வேனில்தான் வந்தாள், ராணி மாதிரி இறங்கி, பாயை விரித்து, நாங்கள் வந்து சேரும்போது தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

வழி நெடுக மனிதர்கள் கொடுக்கிறார்கள், கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்! சிங்கம்புணரிப் பக்கம் மோர், நத்தத்துக்கு முன்னால் கஞ்சி, கோபால்பட்டி, சாணார்பட்டிப் பக்கம் சுக்குக் காபி, ஒரு வீட்டு வாசலில் அண்டா நிறைய வெந்நீர், "சாமி, காலை இதுல வைங்க சாமி" என்று ஒரு பெரியவர் என் மகனைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, உப்புப் போட்ட வெந்நீரில் அவன் பிஞ்சுக் காலை வைத்துத் தேய்த்துவிட்டார். சாமி என்று அவனைக் கூப்பிட்டதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கப்புறம் அடுத்த ஊர் வரை ஒரு முனகல் இல்லை. கால் கொப்புளம் உண்டுதான், குளிக்கிற இடத்தில் வரிசை கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவிப் படுத்தால் காலையில் கால் தானாக எழுந்து நடக்கிறது.

திண்டுக்கல் மலைக்கோட்டையைத் தாண்டி ஒட்டன்சத்திரம் பக்கம் வருகிறோம், விடியற்காலை, பிள்ளைகளுக்குக் குல்லாய் மாட்டியாயிற்று, பனி சட்டையை நனைக்கிறது, வாயைத் திறந்தால் புகை. இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் இதை யாருக்குச் சொன்னாலும் எழுந்து நின்றுதான் சொல்கிறேன். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது அல்லவா, நாமோ மேற்குப் பார்த்து நடக்கிறோம், அதனால் விடிவதற்கு முன்னால் அந்தப் பெரிய நிலா நேர் எதிரே, சாலைக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில் இறங்கி வருகிறது, அதை நோக்கியே நடக்கிறோம், முன்னால் போகிற காவடிகளின் மயில்பீலி நிலவொளியில் நீலமாக மின்னுகிறது, ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் தார்ச்சாலையில் சரசரவென்று மழைபோல் கேட்கின்றன, நிலா அடிவானில் மறைய மறைய முதுகில் இளஞ்சூடு, திரும்பினால் கிழக்கே சிவக்கிறது, வலப்பக்கம் காய்கறிச் சந்தைக்குப் போகிற லாரிக்காரர் ஹாரன் அடிக்காமல் ஓரமாக நிறுத்திக் கும்பிடுகிறார், இடப்பக்கம் கொடைக்கானல் மலை கரும்பச்சையாக எழுந்து நிற்கிறது, அயித்தான் தன் இரண்டு துணிப்பையில் ஒன்றை யாரோ ஒரு பாட்டிக்காகக் காலி செய்து அவருடைய சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிறார், என் மனைவி என் பக்கத்தில் நடந்தபடி ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடிக்கிறாள், அப்போது என் மகன் திடீரென்று விசிலை எடுத்து ஊதுகிறான், பதறிப்போய் எல்லோரும் திரும்பிப் பார்த்தால், "அப்பா! மலை! பழனி மலை தெரியுது!" என்று கத்துகிறான், உண்மையிலேயே தெரிகிறது, தூரத்தில், மேலே விளக்குகளோடு, நான் அழுகிறேன், வெட்கமே இல்லாமல் நடுரோட்டில் நின்று அழுகிறேன், ஆச்சி வந்து தன் முந்தானையால் என் மகள் மூக்கைத் துடைத்துவிட்டு அதே முந்தானையால் என் கண்ணையும் துடைத்துவிட்டு, "நடங்க தம்பி, நடங்க, இன்னும் இருக்கு" என்கிறார்.

பழனியில் அந்த மூன்றாவது பையைத் திறந்தோம். மடிப்புக் கலையாத பாவாடை சட்டை, வேட்டி, சேலை! குளித்து உடுத்தி நாங்கள் நின்றபோது கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்களைப் போலத்தான் இருந்தோம், அத்தனை தூரம் நடந்து வந்தவர்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பெரியவர்களும் சின்னதுகளும் இழுவை ரயிலில், மற்றவர்கள் படியில். தரிசன வரிசை என்னவோ நீளம்தான், ஆனால் கொட்டான்களில் கடைசித் தேன்குழல் அதற்கென்றே பத்திரமாக இருந்தது! இறங்கியதும் பஞ்சாமிர்தம். ராப் பைகளில் இருந்த எண்ணெயும் உப்பும் தீர்ந்து காலியான இடத்தில் பஞ்சாமிர்த டப்பாக்கள் கச்சிதமாக உட்கார்ந்தன, ஆச்சி அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன மூளை, என்ன மூளை!

இப்போது உங்களுக்கு. அத்தனை தூரம் பிள்ளைகளோடு முடியுமா என்று யோசிக்காதீர்கள். குன்றக்குடியிலிருந்து முதல் நாள் மட்டும் நடங்கள், இல்லையா, ஒட்டன்சத்திரத்தில் வந்து சேர்ந்து கடைசித் தூரத்தை மட்டும் நடங்கள், ஆனால் விடியற்காலையில் நடங்கள், அந்த நிலாவை விட்டுவிடாதீர்கள். ஆளுக்கு மூன்று பை, காலருக்குள் போன் நம்பர், கழுத்தில் விசில், பாய் எல்லாவற்றுக்கும் மேலே. பட்டியலைப் பிள்ளைகள் கையில் கொடுத்து "வச்சாச்சு!" சொல்ல வையுங்கள். கொட்டான் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் கேளுங்கள், வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஆச்சியின் பட்டியலையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், ஓரக் குறிப்புகளோடு. இந்த வருஷத்துக் குறிப்பை அவர் என் மகளிடம் பென்சிலைக் கொடுத்து எழுதச் சொன்னார். அவள் எழுத்துக் கூட்டி எழுதியது இது: "மாவுருண்டை இன்னும் நிறைய."